கல்லீரல் படம் காட்டினால் போதுமா? போதைத் தடுப்புப் பயிற்சிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை கண்ணகி நகரில் நான் நடத்திய முதல் போதைத் தடுப்புப் பயிற்சிக்கு 70 பேர் வந்தார்கள், முக்கால்வாசி பெண்கள். புரொஜெக்டரில் கெட்டுப்போன கல்லீரல், கறுத்துப்போன நுரையீரல் என்று படம் படமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். பதினொன்றரை மணிக்கு வெளியே தண்ணி லாரி ஹார்ன் அடித்தது. இரண்டு நிமிடத்தில் சமுதாயக் கூடம் காலி. லாரியைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரே ஒரு அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தார். "ஈரல் கெடும்னு எனக்குத் தெரியும் தம்பி. காலைல எழுந்ததும் அவருக்குக் கை நடுங்குதே, அப்ப நான் என்ன பண்றது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. 42 ஸ்லைடில் ஒன்றில்கூட அது இல்லை.

குடி கெடுதல் என்று தெரியாத ஆள் சென்னையில் யாருமே கிடையாது, பாட்டில் மேலேயே எழுதித்தான் விற்கிறார்கள். தெரியாதது அடுத்து என்ன செய்வது என்பதுதான். எந்த நேரத்தில் பேசுவது, எங்கே கூட்டிப் போவது, எந்த எண்ணுக்கு அழைப்பது, எதை மட்டும் செய்யவே கூடாது. இதைச் சொல்லித் தராத பயிற்சி வெறும் சொற்பொழிவு. இனிமேல் நான் சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்கு மேல் நானே செய்தவை.

முதலில் நேரம். வேலை நாளில் காலை 11 மணிக்குக் கூட்டம் போட்டால் வருகிறவர்கள் சுயஉதவிக்குழுப் பெண்கள்தான். குடிக்கிறவர் வேலையில் இருப்பார், இல்லையென்றால் 12 மணி எப்போது ஆகும், டாஸ்மாக் எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். பெண்கள் வருவது நல்லதுதான், ஆனால் அப்படியானால் அந்தப் பயிற்சி அவர்களுக்கானதாக இருக்க வேண்டும், வராத கணவருக்கு அவர்கள் காது வழியாக அனுப்பும் அறிவுரையாக இருக்கக் கூடாது. ஆண்களைப் பார்க்க வேண்டுமென்றால் நாம்தான் போக வேண்டும். காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்த பிறகு, கோயம்பேட்டில் லோடு இறக்கி முடித்துவிட்டு டீ குடிக்கும் நேரத்தில், ஆட்டோ ஸ்டாண்டில் சவாரி இல்லாத மதியத்தில். மைக்கும் வேண்டாம், பேனரும் வேண்டாம். பத்து பேர் போதும்.

அடுத்தது பயமுறுத்தல். பள்ளிக்கூடங்களில் இது ரொம்ப நடக்கிறது. வருடா வருடம் சர்வதேச போதை ஒழிப்பு நாளான ஜூன் 26 வந்தால் ஒரு ஊர்வலம், ஒரு உறுதிமொழி, போலீஸ் அதிகாரி ஒருவரின் உரை, குடியிலிருந்து மீண்ட ஒருவரின் கண்ணீர்க் கதை. இதையெல்லாம் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறோம். ஆனால் ஐநாவின் போதைப்பொருள் அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட தடுப்புத் தரநிலைகளில், பள்ளிகளில் பலன் தராத அல்லது எதிர்ப்பலன் தருகிற முறைகள் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. வெறும் உரை, பயமூட்டும் தகவல், போலீஸ் நடத்தும் வகுப்பு, முன்னாள் பயனாளரின் சாட்சியம், எல்லாமே அதில் உண்டு. சாட்சியம் ஏன் வேலை செய்யவில்லை என்று எனக்கு ஒரு எட்டாம் வகுப்புப் பையன் புரிய வைத்தான்: "அண்ணன் பதினஞ்சு வருஷம் குடிச்சாரு, இப்ப நல்லாத்தானே இருக்காரு சார்?" அவன் கணக்கு அவனுக்குச் சரி. அதே மனிதரை ஒரு குடும்பக் கூட்டத்திலோ, விட முயன்றுகொண்டிருக்கும் நாலு பேருக்கு நடுவிலோ உட்கார வைத்துப் பாருங்கள், எந்த டாக்டரும் சொல்ல முடியாததைச் சொல்வார். ஆள் தவறில்லை, உட்கார வைத்த இடம்தான் தவறு.

பிள்ளைகளுக்குப் போதைப்பொருட்களின் பெயர், நிறம், விலை என்று போஸ்டர் போட்டுக் காட்டுவதும் இதே ரகம்தான். அதிலும் நாம் காட்டுவது ஹெராயின் ஊசி, வகுப்பறையில் இருப்பதோ பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், ஒயிட்னர், உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் கூல் லிப் புகையிலை. எய்ம்ஸ் தேசிய அளவில் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்த ஒரே வகை சொல்யூஷன், ஒயிட்னர் போன்ற முகர்ந்து இழுக்கும் பொருட்கள்தான். பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுக்குள் 1.17 சதவீதம். பள்ளியில் உண்மையில் உதவுவது பேசிப் பழகுவது. "மச்சி, ஒரே ஒரு இழுப்புடா" என்று ஒருவன் சொல்ல, இன்னொருவன் நண்பனையும் இழக்காமல், கேலிக்கும் ஆளாகாமல் நழுவுவது எப்படி என்று பிள்ளைகளே நடித்துப் பார்க்க வேண்டும். முதல் தடவை எல்லோரும் சிரிப்பார்கள். மூன்றாவது தடவையில் நல்ல பதில்கள் வர ஆரம்பிக்கும், நமக்கே தோன்றாத பதில்கள்.

இப்போது அந்த அக்காவின் கேள்விக்கு வருகிறேன். பயிற்சிகளில் நாம் செய்கிற மிக ஆபத்தான தவறு இதில்தான் இருக்கிறது: "இன்றோடு விட்டுவிடுங்கள்" என்று சொல்வது. தினமும் நிறைய குடித்துப் பழகிய உடம்பு சட்டென்று நிறுத்தினால் தாங்காது. கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். உடம்பில் பூச்சி ஊருது என்பார்கள், சுவரில் யாரோ நிற்கிறார்கள் என்பார்கள், கட்டிய மனைவியையே யாரென்று கேட்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் காத்துகருப்பு அண்டிவிட்டது என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். மந்திரிப்பது அவர்கள் நம்பிக்கை, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் 108. வலிப்போ குழப்பமோ காய்ச்சலோ வந்தால் அது அவசர சிகிச்சை, விட்டால் உயிரே போகலாம். ஏற்கனவே ஒரு தடவை நிறுத்தும்போது வலிப்பு வந்தவர் என்றால், வீட்டில் வைத்து நிறுத்தும் பேச்சே வேண்டாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு சின்ன விஷயம், ஆனால் முக்கியம். சாப்பிடாமல் குடித்துச் சோர்ந்து கிடப்பவரைத் தெருமுனை கிளினிக்கில் படுக்க வைத்து குளுக்கோஸ் ஏற்றுவது நம் ஊரில் வழக்கம், "டிரிப்ஸ் போட்டா தெம்பா ஆயிடுவாரு" என்று. இவர் தினமும் குடிப்பவர் என்று டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். நீண்ட நாள் குடித்தவர்களுக்குத் தயமின் என்கிற பி1 வைட்டமின் அடிமட்டத்தில் இருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படும் ஆபத்து உண்டு. டாக்டருக்கு இது தெரியும், படுத்திருப்பவர் தினமும் குடிப்பார் என்பதுதான் டாக்டருக்குத் தெரியாது.

கார்த்திகை மாதம் வந்தால் இந்த விஷயத்தை நான் கட்டாயம் பேசுவேன். மாலை போட்ட அன்றே குடியை நிறுத்துகிறவர்கள் நம் தெருவில் எத்தனை பேர்! சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை, சிலர் இரண்டாம் நாள் வலிப்போடு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பே டாக்டரைப் பாருங்கள் என்று சொன்னால் போதும், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. 48 நாள் சுத்தமாக இருந்துவிட்டு, மாலையைக் கழற்றிய அன்று மாலையே கட்டிங் போட்டால் "பாத்தியா, அவனால முடியுது, வேணும்னுதான் குடிக்கிறான்" என்று வீட்டில் பேச்சு வரும். அந்த 48 நாள் அவரைச் சுற்றிச் சாமி இருந்தது, குருசாமி இருந்தார், கூட விரதம் இருந்தவர்கள் இருந்தார்கள், தெருவே அவரை "சாமி" என்று கூப்பிட்டது. நாற்பத்தொன்பதாம் நாள் அதில் ஒன்றும் இல்லை. குடும்பத்துக்குப் பயிற்சி தருகிறோம் என்றால் பேச வேண்டியது அந்த நாற்பத்தொன்பதாம் நாளைப் பற்றித்தான்.

அப்புறம் அந்தச் சுவர் விளம்பரம். "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்." மின்சார ரயிலில் போகிற எவரும் பார்த்திருப்பார்கள். ரசத்தில் கலக்கும் அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? டைசல்பிராம் என்ற மாத்திரையாக இருந்தால், அது நல்ல மருந்துதான், ஆனால் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, கடைசியாகக் குடித்துக் குறைந்தது 12 மணி நேரம் கழித்து, டாக்டர் கண்காணிப்பில் கொடுக்க வேண்டியது. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே வினையாகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த விளைவு வரலாம். தெரியாமல் கலந்து கொடுத்தவர் வீட்டில் இன்னொரு சேதமும் உண்டு: அதற்கப்புறம் குடிப்பவர் அந்த வீட்டுச் சோற்றை நம்ப மாட்டார்.

ராத்திரி வண்டி அனுப்பி நாலு பேர் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் மறுவாழ்வு மையங்களையும் பயிற்சியில் பேசத்தான் வேண்டும், பல பயிற்சிகளில் இதைத் தொடவே மாட்டார்கள். வீட்டார் வேறு வழியில்லாமல்தான் கூப்பிடுகிறார்கள், அவர்களைத் திட்டிப் பயனில்லை. ஆனால் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மது, போதைப்பொருள் பாதிப்பும் அடங்கும். மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும், நோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது. பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை சில உண்டு. பதிவுச் சான்று எங்கே? டாக்டர் தினமும் வருகிறாரா? நடுக்கமும் வலிப்பும் வந்தால் யார் பார்ப்பார்கள்? ஆளை நாங்கள் வந்து பார்க்கலாமா? கடைசிக் கேள்விக்கு "மூணு மாசத்துக்கு வரவே கூடாது" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது, பெரிய அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. இந்திரா நகரில் டிடிகே மருத்துவமனை இருக்கிறது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கியது அது, குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்த இடம். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களுக்குக் கட்டணமே இல்லை, குடும்பத்தினருக்கு அல்‌-அனான் தனியாக நடக்கிறது. மேலே சொன்ன அதே எய்ம்ஸ் ஆய்வில், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது. இடம் தெரியாததும் அதற்கு ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பையன்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களிடம் எத்தனை வருட ஜெயில் என்று மட்டும் பேசினால் ஒளிந்துகொள்வார்கள், அவ்வளவுதான். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, பயன்படுத்துகிறவர் தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்தால், பயன்படுத்தியதற்கான வழக்கிலிருந்து காக்கிற பிரிவு. அதையும் சொல்லுங்கள். ஊசியைப் பகிர்ந்தால் எச்ஐவி, கல்லீரல் அழற்சி வரும் என்பதைப் பதற்றப்படாமல் சொல்லுங்கள். இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1986இல் இதே சென்னையில்தான், அருவருப்பு காட்டினால் நோயாளி மறைந்துபோவார் என்பதை இந்த ஊர் அப்போதே பார்த்துவிட்டது. இன்னொன்று, சில வாரம் விட்டிருந்து பழைய அளவையே மறுபடி ஏற்றினால் மூச்சு நின்றுவிடலாம், உடம்பு அந்தத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். மையத்திலிருந்தோ ஜெயிலிலிருந்தோ வெளியே வந்த முதல் வாரங்கள்தான் ஆபத்து. அவன் அம்மாவுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

போட்டோ எடுக்காதீர்கள். சரி, எடுத்துத்தான் ஆக வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும் என்றால் பின்னாலிருந்து எடுங்கள். ஒரு தடவை நாங்கள் போட்ட குரூப் போட்டோ தெரு வாட்ஸ்அப் குழுவில் சுற்றி, "உங்க வீட்டுக்காரரும் அப்படியா?" என்று வந்திருந்த பெண்களைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த கூட்டத்துக்குப் பாதிப் பேர் வரவில்லை. "குடிகாரன்", "கஞ்சா கேஸ்" என்று மேடையில் பேசுவதும் அதே வேலையைத்தான் செய்யும், வந்திருப்பவர் யாருடைய அம்மா என்று நமக்குத் தெரியாது.

ஒரு நாள் பயிற்சி நடத்திவிட்டு மறுபடி அந்தத் தெருப் பக்கமே போகாமல் இருப்பதும் தவறுதான். விட்டவர் மறுபடி சறுக்குவார், பல பேருக்கு அது நடக்கும். சர்க்கரை நோயாளி கல்யாண வீட்டில் ஜாங்கிரி சாப்பிட்டுவிட்டால் மாத்திரையைப் பிடுங்கி எறிவோமா? சறுக்கிய மறுநாள் காலையில், போதை தெளிந்தபின், யார் போய் என்ன பேசுவது என்பதை முன்கூட்டியே வீட்டில் முடிவு செய்து வைக்கச் சொல்லுங்கள். ராத்திரி பத்தரைக்கு வாசலில் வைத்துப் பேசுவது பேச்சில்லை, சண்டை. அடி விழும் வீடாக இருந்தால் பேசுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் எங்கே போய் இருப்பார்கள் என்பதைத் தீர்மானிக்க வேண்டும், 181 பெண்கள் உதவி எண் அவர் போனில் இருக்க வேண்டும்.

எண் என்றதும் ஞாபகம் வருகிறது. பல பேனர்களில் 10581 மட்டும் இருக்கும். அது கள்ளச்சாராயம், கஞ்சா விற்பனை பற்றிப் புகார் சொல்ல. மகனுக்குச் சிகிச்சை தேடும் அம்மா புகார் எண்ணை எதற்கு அழைப்பார்? அவருக்கு வேண்டியது 14446, போதை மீட்புக்கான தேசிய உதவி எண், அல்லது மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் 14416. புகையிலைப் பழக்கத்தைக் கைவிட உதவும் எண் 1800-11-2356. பேனருக்கு அச்சடிக்கக் கொடுக்கும் முன் நீங்களே ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை அழைத்து, தமிழில் பேசுகிறார்களா, எவ்வளவு நேரம் காத்திருக்க வைக்கிறார்கள், என்னென்ன கேட்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள். பயிற்சியில் அந்த அழைப்பை ஸ்பீக்கரில் போட்டே காட்டலாம், முதல் தடவை அழைக்கும் கூச்சம் பாதி அங்கேயே போய்விடுகிறது.