தாடி ஓணானுக்கு யுவிபி விளக்கு: எதை வாங்குவது, எங்கே மாட்டுவது

பியர்டட் டிராகன் என்ற பெயரில் விற்கப்படும் தாடி ஓணானுக்குச் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியிலுள்ள வறண்ட நிலம். காலையில் பாறையிலோ வேலிக் கம்பத்திலோ ஏறி வெயில் காயும். அந்த வெயிலில் அதற்குச் சூடும் கிடைக்கிறது, யுவிபி எனப்படும் புற ஊதா பி கதிரும் கிடைக்கிறது. வீட்டுத் தொட்டியில் சூட்டு பல்பை யாரும் மறப்பதில்லை. கோளாறெல்லாம் யுவிபி விளக்கில்தான்.

தோலில் உள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருள், இந்தக் கதிர் பட்டு, உடல் சூட்டின் துணையோடு வைட்டமின் டி3 ஆகிறது. டி3 போதாவிட்டால் தீனியில் எவ்வளவு கால்சியம் பொடி தூவினாலும் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. உடல் வேறு வழியின்றி எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும். தாடை ரப்பர் போல நெகிழும், கால் வளையும், விரல்கள் நடுங்கும். டி3 கலந்த பொடி இருக்கிறதே என்றால், வாய்வழி கொடுக்கும் டி3 அளவு மீறினால் நஞ்சாகும். தோலோ தேவைக்கு மேல் உண்டாவதை வேறு பொருளாக மாற்றி, தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். பொடி துணைக்கு இருக்கட்டும், விளக்கின் இடத்தை அதற்குக் கொடுக்க வேண்டாம்.

1. முதலில் தொட்டியை அளந்து எழுதுங்கள்

நீளம், உயரம், மேல்மூடி வலையா திறந்ததா, வெயில் காயும் மேடை எவ்வளவு உயரம் என்ற நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஓணானுக்கு 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரமுள்ள தொட்டி வேண்டும். கீழே வரும் கணக்கு அதற்கானது. விளக்கை முதலில் வாங்கிவிட்டு தொட்டியை அதற்கேற்ப வளைக்கப் பார்ப்பதுதான் பலர் செய்யும் பிழை.

2. விளக்கின் வகை

டி5 எச்ஓ டியூப் வாங்குங்கள். டி5 என்பது டியூபின் தடிமன், ஏறக்குறைய 16 மி.மீ. எச்ஓ என்றால் அதிக ஒளி தருவது. ஆர்கேடியாவின் 12 சதவீத டியூபோ ஜூமெட் ரெப்டிசன் 10.0 டியூபோ இந்த ஓணானுக்குப் பொருந்தும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். 10.0, 12 சதவீதம் எல்லாம் வெளிவரும் கதிரில் யுவிபி எவ்வளவு பங்கு என்பதைத்தான் சொல்கின்றன; எவ்வளவு வலு என்பதைச் சொல்வதில்லை. 10.0 என்று போட்ட பழைய தடித்த டி8 டியூபும் 10.0 என்று போட்ட டி5 டியூபும் ஒன்றல்ல. டி8 மிகவும் மங்கல். அதை மேடைக்கு வெகு அருகில் வைக்க வேண்டியிருக்கும், ஆறு மாதத்தில் மாற்றவும் வேண்டும்.

சுருள் வடிவ காம்பாக்ட் பல்பைத் தவிருங்கள். விலை குறைவு, தொடக்கத் தொகுப்புகளில் அதைத்தான் சேர்த்துத் தருவார்கள். ஆனால் அதன் கதிர் ஒரு சிறு வட்டத்தில்தான் விழும். ஓணானின் உடல் முழுக்கக் கதிர் பட வேண்டும். மெர்க்குரி வேப்பர் பல்பு சூட்டையும் யுவிபியையும் சேர்த்துத் தரும் என்றாலும், அதை டிம்மர் வைத்தோ தெர்மோஸ்டாட் வைத்தோ குறைக்க முடியாது. சூடு கூடினால் தள்ளி வைக்க வேண்டும், தள்ளி வைத்தால் கதிர் குறையும். புதிதாகத் தொடங்குபவருக்கு அது தலைவலி.

3. நீளம், ஃபிக்சர், மின்னழுத்தம்

டியூப் தொட்டி நீளத்தில் பாதிக்குக் குறையாமல், முக்கால் பங்குக்கு மிகாமல் இருக்கட்டும். 120 செ.மீ. தொட்டிக்கு 34 அங்குல, 39 வாட் டியூப் சரியாக அமையும். மறுகோடி வரை நீட்ட வேண்டாம். கதிர் வேண்டாமென்றால் ஒதுங்கிப் போக ஓணானுக்கு நிழல் வேண்டும்.

ஃபிக்சரில், அதாவது டியூபை மாட்டும் பட்டியில், பளபளப்பான ரிஃப்ளெக்டர் கட்டாயம். அது இல்லாவிட்டால் மேல்நோக்கிப் போகும் கதிர் அத்தனையும் வீண். டி5 எச்ஓவுக்கான பேலஸ்ட் (டியூபுக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) உள்ள ஃபிக்சராகவும் இருக்க வேண்டும். சாதாரண டியூப்லைட் பட்டியில் மாட்டினால் எரியாது, அல்லது மங்கி எரியும். அமெரிக்கா, கனடாவிலிருந்து உறவினர் வாங்கி வருவதாக இருந்தால் மின்னழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே 120 வோல்ட், இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட். 120 வோல்ட் ஃபிக்சரை இங்கே செருகினால் பேலஸ்ட் கருகிவிடும்.

4. தூரம்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கதிரின் வலுவை யுவிஐ என்ற புற ஊதாக் குறியீட்டால் அளக்கிறோம். பெர்குசன் மண்டலம் என்றொரு வகைப்பாடு உண்டு. ஊர்வன இயற்கையில் எவ்வளவு கதிரை நாடிப் போகின்றன என்பதை வைத்து அவற்றை நான்கு மண்டலமாகப் பிரிக்கிறது. தாடி ஓணான் மூன்றாம் மண்டலம். நடைமுறையில் வெயில் காயும் இடத்தில், ஓணானின் முதுகு மட்டத்தில், யுவிஐ 4 முதல் 5 வரை இருந்தால் நல்லது. குளிர்ந்த கோடியில் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும்.

வலை நடுவில் இல்லாமல், ரிஃப்ளெக்டரோடு மாட்டிய டி5 டியூபிலிருந்து முதுகு வரை 30 முதல் 40 செ.மீ. விடுங்கள். டியூப் வலைக்கு மேலே இருந்தால் 20 முதல் 25 செ.மீ. வலை சுமார் மூன்றில் ஒரு பங்கு கதிரை விழுங்கும், கண்ணி நெருக்கமானால் இன்னும் கூட. இவை தொடங்குவதற்கான அளவுகள். 12 சதவீத டியூபுக்குத் தூரம் சற்றுக் கூடுதல், 10.0 டியூபுக்குச் சற்றுக் குறைவு. பெட்டியிலுள்ள தூர அட்டவணையோடு ஒப்பிடுங்கள். தரையிலிருந்தோ மேடையிலிருந்தோ அளக்காமல் முதுகிலிருந்து அளக்க வேண்டும். படுத்திருக்கும் பெரிய ஓணானின் முதுகு மேடைக்கு 4, 5 செ.மீ. மேலே இருக்கும். இவ்வளவு அருகில் அந்த 5 செ.மீ. பெரிய வித்தியாசம்.

கண்ணாடியும் அக்ரிலிக் தகடும் யுவிபியை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும். ஜன்னலோரம் தொட்டியை வைத்தால் வெயில் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். கதிர் வராது, தொட்டி மட்டும் அடுப்பாகும்.

செதில் குறைந்த, அல்லது செதிலே இல்லாத சில்க்பேக் வகை வைத்திருந்தால் மேற்சொன்ன அளவு அதைப் பொசுக்கிவிடும். யுவிஐயை வெகுவாகக் குறைக்க வேண்டும்.

5. மாட்டும் இடம்

டியூபைச் சூட்டு பல்பு இருக்கும் கோடியிலிருந்து தொடங்கி, பல்புக்குப் பக்கத்திலேயே நீளவாக்கில் மாட்டுங்கள். ஓணான் மேடையில் படுத்தால் சூடும் கதிரும் ஒரே நேரத்தில் முதுகில் விழ வேண்டும். டி3 உருவாக இரண்டும் வேண்டும். மேடையின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த கோடி 24 முதல் 27 டிகிரி.

விளக்கு தலைக்கு மேலேதான் இருக்க வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் கதிர் நேரே கண்ணில் இறங்கும். மேலிருந்து வரும் ஒளியைப் புருவ மேடு மறைத்துக்கொள்ளும், பக்கத்திலிருந்து வருவதை மறைக்க அதனிடம் எதுவும் இல்லை. தொட்டிக்குள்ளே மாட்டினால் ஓணான் தாவித் தொட முடியாத உயரம் பாருங்கள்.

6. அளந்து பார்த்தல்

சோலார்மீட்டர் 6.5 என்ற கருவி யுவிஐயை நேரடியாகக் காட்டும். விலை அதிகம்தான். ஊர்வன வளர்ப்போர் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். புது டியூப் முதல் 100 மணி நேரம் சற்று அதிகமாகவே வீசும், பிறகு நிலைப்படும். அதனால் முதல் நாள் ஒருமுறையும் பத்து நாள் கழித்து மறுமுறையும் அளந்து தூரத்தைத் திருத்துங்கள். நிறம் மாறும் யுவி அட்டைகள் கதிர் இருக்கிறதா என்பதை மட்டும் காட்டும். வலுவை அறிய அவை உதவாது.

7. நேரம், மாற்றும் தேதி

டைமர் போட்டு, கோடையில் 13, 14 மணி நேரம், குளிர்காலத்தில் 10, 11 மணி நேரம் எரிய விடுங்கள். இரவில் எல்லா விளக்கும் அணைய வேண்டும், சிவப்பு பல்பு உட்பட.

டி5 டியூபை ஓராண்டில் மாற்றுங்கள். மீட்டர் இருந்தால் அது சொல்லும்போது மாற்றலாம். வெளிச்சம் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி குறையாமலே யுவிபி தேய்ந்துகொண்டு போகும். மாட்டிய தேதியை டியூபின் ஓரத்தில் மார்க்கரால் எழுதி வையுங்கள்.

விளக்கு போட்ட சில நாளில் ஓணான் கண்ணை மூடியே வைத்திருந்தாலோ, இமை வீங்கினாலோ, மேடைப் பக்கமே வராமல் ஒளிந்தாலோ கதிர் மிகுதி என்று சந்தேகிக்க வேண்டும். உடனே டியூபை அணைத்து தூரத்தை அளந்து பாருங்கள். நடுக்கம், தாடை வீக்கம், பின்னங்காலை இழுத்து நடப்பது போன்றவை பற்றாக்குறையின் அடையாளம். அந்த நிலையில் புது விளக்கு மட்டும் போதாது, ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோக வேண்டும்.

கழற்றிய பழைய டியூபில் பாதரசம் இருக்கிறது. உடைக்காமல், காகிதத்தில் சுற்றி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.