ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்டிவைரஸ்: சித்தப்பா கடையில் நான் செய்தது

என் சித்தப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடை திறந்ததிலிருந்து பென் டிரைவும் கையுமாக ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். எதில் என்ன ஒட்டிக்கொண்டு வருமோ என்ற பயத்தில் ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்டிவைரஸ் போட்டுவிட்டார். ஒன்று காசு கொடுத்து வாங்கியது, மற்றது இலவசம். "ஏம்ப்பா, ஒரு பிடிஎஃப் திறக்கவே ரெண்டு நிமிஷம் ஆகுது, ஆளுங்க அடுத்த கடைக்குப் போயிடுறாங்க" என்று போன் செய்தார். போய்ப் பார்த்தால் 4 ஜிபி ரேம். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றது.

நாம் ஸ்கேன் கொடுக்கும்போது மட்டும்தான் ஆன்டிவைரஸ் வேலை செய்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எந்த ஃபைலைத் திறந்தாலும் அது இடையில் புகுந்து பார்த்துவிட்டுத்தான் விடும். இதுதான் ரியல்-டைம் பாதுகாப்பு. இந்த வேலையை இரண்டு புரோகிராம்கள் செய்தால் ஒவ்வொரு ஃபைலுக்கும் இரட்டைச் சோதனை. உண்மையில் வைரஸ் சிக்கும்போது இன்னும் மோசம்: ஒன்று அதை எடுத்துப் பூட்டப் பார்க்கும், மற்றது அதே ஃபைலைப் பிடித்துக்கொண்டிருக்கும். எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கலாம், வைரஸ் போகாமலும் இருக்கலாம்.

அதனால் ரியல்-டைமுக்கு ஒன்றுதான். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

முதலில் எது ஓடுகிறது என்று பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, செட்டிங்ஸில் 'மேனேஜ் ப்ரொவைடர்ஸ்' போனால் பட்டியல் இருக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்டின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் கூடவே வருகிறது. வேறு ஆன்டிவைரஸ் போட்டு அது விண்டோஸில் முறைப்படி பதிவானால், டிஃபெண்டர் தானே ஒதுங்கிக்கொள்ளும். வெளியிலிருந்து வாங்கிப் போட்ட இரண்டு ஒன்றுக்கொன்று அப்படி ஒதுங்காது. சிக்கல் அங்கேதான்.

சித்தப்பா காசு கொடுத்து வாங்கியதை வைத்துக்கொண்டு இலவசத்தை எடுத்தேன். சும்மா அன்இன்ஸ்டால் செய்தால் போதாது. அதன் டிரைவர்கள், அதாவது விண்டோஸுக்குள் ஆழமாக உட்காரும் சிறு புரோகிராம்கள், மிச்சம் இருந்துவிடலாம். பெரும்பாலான நிறுவனங்கள் இதற்கென்றே தனி நீக்கும் கருவி தருகின்றன. அதை அவர்களுடைய தளத்திலிருந்தே இறக்கி ஓட்டி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். காசு கொடுத்ததை எடுப்பதாக இருந்தால் லைசென்ஸ் கீயை முதலில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் வழியாக வருவதையும் போவதையும் கண்காணிக்கும் ஃபயர்வாலும் ஒன்று போதும்.

சரி, சந்தேகம் வந்தால் இன்னொரு புரோகிராமும் ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டாமா? கட்டாயம் வேண்டும், ஆனால் கூப்பிடும்போது மட்டும் வருவதாக இருக்கட்டும். மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரை இன்ஸ்டால் செய்யவே வேண்டாம். இறக்கி ஓட்டினால் போதும். 10 நாளில் காலாவதியாகிவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்குங்கள். மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பும் நல்லது. முதலில் சோதனைக் காலமாக ரியல்-டைமையும் சேர்த்து ஓட்ட ஆரம்பித்தால், செட்டிங்ஸில் போய் அதை அணைத்துவிடுங்கள். டிஃபெண்டரிலேயே 'பீரியாடிக் ஸ்கேனிங்' என்று ஒன்று இருக்கிறது. வேறு ஆன்டிவைரஸ் காவலில் இருக்கும்போது இதை ஆன் செய்தால் அவ்வப்போது மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போகும். சித்தப்பாவுக்கு அதைத்தான் போட்டுக்கொடுத்தேன்.

எல்லாம் முடிந்ததும் காவல் வேலை செய்கிறதா என்று சோதிக்க இ.ஐ.சி.ஏ.ஆர். டெஸ்ட் ஃபைல் இருக்கிறது. வெறும் 68 எழுத்துகள், வைரஸ் இல்லை. ஆனால் ஆன்டிவைரஸ்கள் வைரஸ் போலவே பிடிக்கும். இறக்கிப் பார்த்தேன், ஒரே ஒரு எச்சரிக்கை வந்து ஃபைல் போய்விட்டது.

அப்புறம், பென் டிரைவைச் செருகியதுமே தானாக வேலையைத் தொடங்கும் ஆட்டோபிளேயை அணைத்தேன். ஃபைல் எந்த வகை என்று காட்டும் பெயரின் கடைசி எழுத்துகள் (.pdf, .exe போன்றவை) தெரியும்படி மாற்றினேன். பென் டிரைவைச் செருகினால் முதலில் ரைட் கிளிக் செய்து ஸ்கேன், பிறகுதான் திறப்பது. ஃபோல்டர் இருக்க வேண்டிய இடத்தில் மூலையில் அம்புக்குறியோடு ஷார்ட்கட் தெரிந்தால் அதைக் கிளிக் செய்யக் கூடாது என்று சித்தியிடமும் சொல்லியிருக்கிறேன். மதிய நேரத்தில் கடையில் உட்காருவது அவர்தான்.