ஃபைபரைக் குறை சொல்லும் முன்: ஒளியிழை ஆய்வகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு வரும் பிள்ளைகள் வருஷா வருஷம் அதே தவறுகளை அதே வரிசையில் செய்கிறார்கள். சொல்லிக் கொடுக்கிறவர்களும் ஒரு காலத்தில் செய்தவைதான். லேசர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதே, பாதுகாப்புக் கண்ணாடி போடு என்பதெல்லாம் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது, அவற்றை விட்டுவிடலாம். இங்கே பேசுவது சாதாரண டெலிகாம் சிங்கிள் மோடு ஃபைபரைப் பற்றி, அதாவது ஒளி ஒரே வடிவத்தில் (மோடில்) மட்டும் ஓடும் கண்ணாடி இழை: ஒளி ஓடும் நடுப்பகுதியான கோர் சுமார் 8 மைக்ரான், அதைச் சுற்றிய கண்ணாடி உறையான கிளாடிங் 125, மேலே உள்ள அக்ரிலேட் பிளாஸ்டிக் பூச்சோடு சேர்த்து 250.

வெட்டிய முனையைத் துடைப்பது

உரி, துடை, வெட்டு. வரிசை இவ்வளவுதான்; வெட்டிய பிறகு எதுவும் அந்த முனையில் படக்கூடாது. ஸ்ட்ரிப்பரைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து 3 செ.மீ. அளவுக்கு உரித்து, பஞ்சு விடாத டிஷ்யூவில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து இழுங்கள். கண்ணாடி சுத்தமானால் ‘கீச்’ என்று ஒரு சத்தம் வரும். அது வராவிட்டால் அக்ரிலேட் இன்னும் ஒட்டியிருக்கிறது.

பலர் வெட்டிவிட்டு, ‘எதற்கும் ஒருமுறை’ என்று மறுபடி துடைக்கிறார்கள். பக்கவாட்டில் இருந்த அழுக்கு அப்போதுதான் முனைக்கு வந்து சேரும். சந்தேகம் வந்தால் துடைக்காதீர்கள், இன்னொரு தரம் வெட்டுங்கள். 2 செ.மீ. ஃபைபருக்கு யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை.

நுண்ணோக்கியில் முனை கண்ணாடி போல மொழுமொழுவென்று, 1 டிகிரிக்குள் சாய்வோடு இருக்க வேண்டும். ஓரத்தில் உதடு போல நீட்டிக்கொண்டிருந்தாலோ, பாதி முகம் சொரசொரப்பாக இருந்தாலோ உடனே கிளீவர் (ஃபைபர் வெட்டும் கருவி) பிளேடைத் திருப்பி வைக்கிறார்கள். அதற்கு முன் ஃபைபர் உட்காரும் பள்ளத்தைப் பாருங்கள். அங்கே ஒரு துணுக்கு பூச்சு கிடந்தாலே ஃபைபர் சாய்ந்து உட்காரும்; எத்தனை புது பிளேடு போட்டாலும் வெட்டு கோணலாகத்தான் வரும்.

ஸ்லீவ்

இணைப்பைக் காக்கும் ஸ்லீவ் குழாயை, ஸ்ப்ளைஸ் செய்வதற்கு (இரண்டு ஃபைபரை உருக்கி ஒட்டுவதற்கு) முன்பே கோர்த்துவிடுங்கள்.

சிவப்பு லேசரும் டெலிகாம் ஃபைபரும்

அலமாரியில் இருப்பது ஹீலியம்-நியான் லேசர், 633 நானோமீட்டர். ஸ்பூலில் ‘சிங்கிள் மோடு’ என்று போட்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்துவிட்டு, வெளியே வரும் புள்ளி ஏன் இரண்டு மூன்று இதழாகப் பிரிகிறது, ஃபைபரைத் தொட்டால் ஏன் உருமாறுகிறது என்று கேட்பார்கள். அந்த ஃபைபர் சுமார் 1260 நானோமீட்டருக்கு மேல்தான் சிங்கிள் மோடு. எத்தனை மோடு ஓடும் என்று காட்டுவது வி எண்; 633-ல் அது ஏறக்குறைய 5, ஒற்றை மோடுக்கு வரம்போ 2.405. சிவப்பில் ஒற்றை மோடு வேண்டுமென்றால் கோர் 4 மைக்ரான் அளவில் உள்ள வேறு ஃபைபர் வாங்க வேண்டும்.

கட்-பேக்: ஒரே வெட்டில் முடிவு எழுதுவது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் அடங்காத தவறு இது. வெட்டிய ஃபைபர் திரும்ப ஒட்டாது என்பதால் செலவும் இதில்தான் அதிகம்.

ஃபைபரை வெட்டி அதன் இழப்பை அளப்பதுதான் கட்-பேக். முறை எளிது. ஃபைபரின் கடைசி முனையில் பவரை அளக்கிறோம். ஒளி நுழையும் பக்கத்தைத் தொடாமல், அங்கிருந்து சுமார் 2 மீட்டர் விட்டு வெட்டி, அந்தத் துண்டின் முனையில் மறுபடி அளக்கிறோம். இரண்டு அளவுக்கும் உள்ள டெசிபெல் வித்தியாசத்தை வெட்டி எடுத்த நீளத்தால் வகுத்தால் இழப்பு வந்துவிடும்.

நடப்பது வேறு. கையில் இருப்பது 22 மீட்டர் ஃபைபர். முதல் அளவு மைனஸ் 3.2 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்). வெட்டிய பின் மைனஸ் 3.0. வித்தியாசம் 0.2 டெசிபெல், நீளம் 20 மீட்டர். ஆக கிலோமீட்டருக்கு 10 டெசிபெல் என்று ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதி அடிக்கோடும் போட்டாகிவிட்டது. 1970-ல் கார்னிங் நிறுவனத்தார் 633 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 17 டெசிபெல் எட்டியதைத்தான் உலகமே கொண்டாடியது. இன்றைய ஃபைபரை வைத்துக்கொண்டு, அதுவும் 1550 நானோமீட்டரில், அதற்குப் பக்கத்தில் ஒரு எண் வந்தால் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டாமா?

இன்றைய ஃபைபரில் 1550-ல் கிலோமீட்டருக்கு இழப்பு ஏறத்தாழ 0.2 டெசிபெல். 20 மீட்டருக்கு 0.004, ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளிதான் குறையும். நுழைமுனை மையத்திலிருந்து 1 மைக்ரான் நகர்ந்தாலே 0.16 டெசிபெல் போய்விடும். அளக்க வந்த இழப்பைப் போல 40 மடங்கு! மேசையில் கை ஊன்றினால் போதும், அந்த 1 மைக்ரான் நகர. மாணவர் அளந்தது தன் கிளீவையும் மேசையின் ஆட்டத்தையும்தான். சில நாள் கணக்கு எதிர்க்குறியில் வந்து, ஒளியைப் பெருக்க ஃபைபரில் கலக்கும் எர்பியம் இல்லாமலேயே ஃபைபர் ஒளியைப் பெருக்கியதாகவும் முடியும்.

எனவே நீளம் முதலில். ஒன்றிரண்டு கிலோமீட்டராவது இல்லாமல் 1550-ல் கட்-பேக்கில் இறங்காதீர்கள். லேசரை அரை மணி நேரம் முன்பே போட்டு வையுங்கள். ஒளியில் 1 சதவீதத்தைக் கப்ளர் (ஒளியைப் பங்கிடும் சாதனம்) வழியாகப் பிரித்து இரண்டாவது மீட்டரில் பார்த்துக்கொண்டே இருந்தால், லேசர் தானாக ஏறி இறங்குவது தெரிந்துவிடும். கடைசி முனையை ஐந்து முறை புதிதாக வெட்டி ஐந்து அளவும் எழுதுங்கள். அவை தமக்குள் 0.05 டெசிபெல் சிதறினால், உங்கள் விடையின் பிழையும் அதற்குக் குறையாது. 2 மீட்டர் துண்டிலும் அப்படியே. அதனால் முதல் வெட்டை 2 மீட்டருக்குச் சற்றுத் தள்ளியே போடுங்கள்.

இன்னொரு திருடன் கிளாடிங்கில் ஓடும் ஒளி. நீண்ட ஃபைபரில் அது வழியிலேயே கசிந்து போய்விடும். 2 மீட்டர் துண்டில் மிஞ்சியிருந்தால் இரண்டாவது அளவைக் கூட்டிக் காட்டி, இழப்பை ஊதிவிடும். சாதாரண அக்ரிலேட் பூச்சு அதைப் பெரும்பாலும் உறிஞ்சிவிடுகிறது. கிளாடிங்கிலும் ஒளியை ஓடவிடும் டபுள் கிளாட் ஃபைபரின் பூச்சு அப்படிச் செய்யாது. சோதிக்க எளிய வழி: துண்டின் கடைசிச் சில சென்டிமீட்டரை உரித்து, முனையில் படாமல் ஒரு சொட்டு கிளிசரின் விடுங்கள். கிளிசரினின் ஒளிவிலகல் எண் 1.47, சிலிக்காவை விடக் கொஞ்சம் அதிகம். அதனால் கிளாடிங் ஒளி வெளியே வடியும். மீட்டர் இறங்கினால் அதுவரை எழுதியதை அடித்துவிடுங்கள்.

20 மீட்டர்தான் இருக்கிறது என்றால், இழப்பு இன்ன அளவுக்கு மேல் இல்லை என்று மட்டும் எழுதுங்கள்.

பவர் மீட்டர்

1550-க்கு இண்டியம் காலியம் ஆர்செனைடு டிடெக்டர் வேண்டும். சிலிக்கான் டிடெக்டர் 1100 நானோமீட்டருக்கு மேல் குருடு. அதை மாட்டிவிட்டு லேசர் செத்துவிட்டது என்று புகார் எழுதியவர்கள் உண்டு. அலைநீள செட்டிங் தப்பாக இருந்தாலும் கட்-பேக் விடை மாறாது, விகிதம் தானே. தனி அளவாக எழுதும்போதுதான் அது காலை வாரும்.

பச்சையும் நீலமும்

பச்சைக் கனெக்டரின் முனை 8 டிகிரி சாய்வு, நீலம் நேர், இரண்டையும் சேர்க்காதீர்கள்.

துண்டுகள்

வெட்டிய துண்டுகளை மூடி போட்ட டப்பாவில் போடுங்கள். மேசையைக் கையால் தட்டிவிட வேண்டாம். செல்லோ டேப்பால் ஒற்றி எடுங்கள். கறுப்பு விரிப்பு போட்டிருந்தால் துண்டு கண்ணுக்குத் தெரியும். விரலில் ஏறிய துண்டு தெரியாது.