மதக் கூற்றுகளுக்கு மறுமொழி சொல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பகுத்தறிவுக் கூட்டங்களில் பேசத் தொடங்கும் இளைய தோழர்களுக்கு உரை தயாரிக்க உதவுவது சில ஆண்டுகளாக என் வேலையாக இருந்து வருகிறது. நாங்கள் முதன்முதலில் மேடையேறிய காலத்துப் பிழைகளையே அவர்களும் அதே உற்சாகத்தோடு செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். குரலை உயர்த்தக் கூடாது, வாட்ஸ்அப்பில் வந்த வரியை ஐன்ஸ்டைன் தலையில் கட்டக் கூடாது என்பவற்றையெல்லாம் எவரும் சொல்லிவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கேட்காத கேள்விக்கு விடை சொல்வது

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள, இராமர் பாலம் எனப்படும் மணல்திட்டுகளை விண்ணிலிருந்து காட்டும் நாசாவின் படம் ஒன்று 2002-இல் பரவியது. 17.5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மனிதர் கட்டிய பாலம் அது என்று நாசாவே கண்டறிந்துவிட்டதாக ஒரு செய்தியும் அதோடு சேர்ந்து வந்தது. வானிலிருந்து எடுத்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அத்திட்டுகளின் வயதையோ, அவற்றை மனிதர் உருவாக்கினரா என்பதையோ சொல்ல முடியாது என்று நாசா தரப்பில் விளக்கம் தரப்பட்டது. இன்றைய மனித இனம் தோன்றியே ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. இந்த இரண்டையும் சொன்னால் அந்தக் கூற்று அங்கேயே விழுந்துவிடும். அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை.

ஆனால் நம் பேச்சாளர் அங்கே நிறுத்த மாட்டார். கைதட்டல் கிடைத்த வேகத்தில், மணலை விட்டுவிட்டு இராமன் என்றொருவன் இருந்தானா என்ற கேள்விக்குத் தாவிவிடுவார். அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எதிர்த்தரப்புக்கோ அதுதான் வேண்டும். பாலத்தின் வயதைப் பற்றிப் பேசினால் அவர்கள் சான்று காட்ட வேண்டும். இராமனைப் பற்றிப் பேசினால் மனம் புண்பட்டது என்று சொல்லிவிட்டாலே போதும்.

இது மேடைப் பேச்சாளரோடு நிற்கும் பிழையும் அன்று. இத்திட்டுகளை ஊடறுத்துக் கப்பல் கால்வாய் தோண்டுவதற்கு எதிரான வழக்கில், 2007 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தாக்கலான இந்தியத் தொல்லியல் துறையின் பிரமாணப் பத்திரம், திட்டுகள் இயற்கையானவை என்பதோடு நின்றிருக்கலாம். இராமாயணப் பாத்திரங்கள் இருந்ததை ஐயமற நிறுவும் வரலாற்றுப் பதிவு இல்லை என்றும் அது சேர்த்துச் சொன்னது. அந்த வாக்கியம் தவறில்லை என்பதே என் கருத்து. ஆனால் அடுத்த சில நாள்களில் பத்திரம் திரும்பப் பெறப்பட்டது. திட்டுகள் எப்படி உருவாயின என்ற பகுதியும் அதோடு சேர்ந்தே போயிற்று. கேட்ட கேள்விக்குத் தந்த சரியான விடை, கேட்காத கேள்விக்குத் தந்த விடையால் அழிந்தது.

இந்தப் பிழைக்கு நாம் கொடுத்த விலை இன்னும் பெரியது, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. 2005 ஜூலை 2-ஆம் நாள் மதுரையில் தொடங்கி வைக்கப்பட்ட சேதுசமுத்திரத் திட்டம், ஏறத்தாழ 2,427 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 167 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தக் கப்பல் கால்வாயை அமைக்கும் திட்டம். தோண்டிய மணல் மறுபடியும் வந்து தூர்க்குமா, வேகத்தைக் குறைத்து, வழிகாட்டி மாலுமியை ஏற்றிக்கொண்டு போகும் கப்பலுக்கு உண்மையில் எவ்வளவு நேரமும் எரிபொருளும் மிச்சமாகும், மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளும் மீன்வளமும் என்னவாகும் என்பன மதத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத கேள்விகள். பக்தர்கள் எதிர்க்கிறார்கள் என்ற ஒரே காரணத்தால் திட்டத்தை ஆதரிப்பதே பகுத்தறிவு என்று நம்மில் பலர் நினைத்துவிட்டார்கள். ஒரு கருத்தை யார் எதிர்க்கிறார்கள் என்று பார்த்து அதன் உண்மையைத் தீர்மானிப்பது நாம் மற்றவர்களிடம் குறையாகச் சொல்லும் பழக்கம் அல்லவா?

இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர் ஒன்றில் நடந்த தெருமுனைக் கூட்டத்தில் ஓர் இளைஞர் இதே உரையை முழங்கிக்கொண்டிருந்தார். கேள்வி நேரத்தில், தோளில் துண்டோடு பின்னால் நின்றிருந்த வயதான மீனவர் ஒருவர் முன்னே வந்தார். “தம்பி, பாலத்தை யாரு கட்டுனாங்கன்னு நீங்களும் அவுகளும் பேசி முடிச்சுக்கங்க. தீடைப் பக்கம் தோண்டுனா கலங்கத் தண்ணி எந்தப் பக்கம் போகும்? அதச் சொல்லுங்க” என்றார். தீடை என்று அவர் சொன்னது மணல்திட்டை. மேடையில் இருந்த எங்களில் ஒருவரிடமும் விடை இல்லை. இளைஞர் மீண்டும் வால்மீகிக்குப் போனார். பெரியவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். 2023 ஜனவரியில் திட்டத்தை நிறைவேற்றக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் இயற்றியபோது, பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டியதுபோல் அதே உரை, அதே வரிசையில், வேறொரு இளைஞரின் வாயிலிருந்து வந்தது. கலங்கல் பற்றி அதிலும் ஒரு வரி இல்லை.

மும்பை இர்லாவில் நடந்ததையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். 2012-இல் அங்குள்ள வேளாங்கண்ணி மாதா ஆலயத்துச் சிலுவையிலிருந்து நீர் சொட்டியது. நேரில் போய்ப் பார்த்த பகுத்தறிவாளர் சனல் இடமருகு, அடைபட்ட கழிவுநீர்ப் பாதையின் நீர் நுண்துளை ஈர்ப்பால் சுவர் வழியாக ஏறி வருவதைக் காட்டினார். அந்த விளக்கத்தை எவரும் முறியடிக்கவில்லை. ஆனால் தொலைக்காட்சி விவாதத்தில் திருச்சபையைப் பற்றி அவர் பேசியவற்றைச் சுட்டி, வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவின் கீழ்ப் புகார்கள் வந்தன. அவர் பின்லாந்துக்குப் போக நேர்ந்தது. 1927-இல் கொண்டுவரப்பட்டு, 2024 ஜூலை முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவாகத் தொடரும் அந்தச் சட்டம் இருக்கவே கூடாது என்று நினைப்பவன் நான். அவருக்கு நேர்ந்தது அநீதி என்பதிலும் எனக்கு ஐயமில்லை. இருந்தும், சட்டம் இருக்கும்வரை, எந்த வாக்கியத்துக்காகச் சிக்கலை ஏற்கிறோம் என்பதை மேடையேறும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும் என்றுதான் இளைஞர்களிடம் சொல்கிறேன்.

தொட்டுப் பார்க்காமல் விளக்கம் தருவது

இராமேசுவரத்தில் தொட்டி நீரில் கல்லை மிதக்கவிட்டு, இது சேதுவின் கல் என்று காட்டும் இடங்கள் உண்டு. அது எரிமலைக் கல் என்று ஒரு தோழர் மேடையில் உறுதியாகச் சொன்னார். “கையில எடுத்துப் பாத்தீங்களாண்ணே?” என்று கூட்டத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். தோழர் பார்க்கவில்லை. எரிமலை நுரைக்கல்லும் மிதக்கும். உள்ளே காற்று அடைபட்டிருந்தால் பவளக்கல்லும் மிதக்கும். எந்தக் கல்லானாலும், தன் பருமனுக்குச் சமமான நீரைவிட எடை குறைவாக இருப்பதால்தான் மிதக்கிறது என்பது மட்டுமே பார்க்காமல் சொல்லக்கூடியது. 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடித்தார் என்று நாடே திரண்டபோது, அரசு விஞ்ஞானிகள் பாலில் வண்ணம் கலந்து கொடுத்து, அது சிலையின் மேல் வழிந்து இறங்குவதைக் கண்ணால் பார்க்க வைத்தார்கள். பரப்பு இழுவிசை என்ற சொல்லைக் கேட்டிராதவர்களுக்கும் அது விளங்கியது.

ஊரறிந்ததை அம்பலப்படுத்துவது

பொன்னம்பலமேட்டில் தெரியும் மகரவிளக்கை மனிதர்கள்தாம் ஏற்றுகிறார்கள் என்று 2008-இலேயே சபரிமலைத் தந்திரி சொல்லிவிட்டார்; மகரஜோதி விண்மீன், மகரவிளக்கு தீபாராதனை என்பது அவர்கள் தரும் விளக்கம். அதைத் தெரிந்துகொண்டே மலைக்குப் போகும் சாமிமாரிடம் போய், அதையே இரகசியம்போல் உடைத்துச் சொல்வதால் என்ன பயன்? 2011 ஜனவரி 14 அன்று புல்மேட்டில், அந்த விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிய கூட்டத்தின் நெரிசலில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். காட்டுப் பாதையில் அத்தனை கூட்டத்தை வெளிச்சமும் ஒழுங்கும் இல்லாமல் விட்டவர்கள் யார் என்று கேட்டிருந்தால் பக்தர்களும் நம் பக்கத்தில் நின்றிருப்பார்கள். நம்மில் அதைக் கேட்டவர்கள் மிகக் குறைவு.

பாட்டியின் விரதத்தைக் கேலி செய்வது

அது பொது வாழ்வு அன்று.

51ஏ(எச்)-ஐக் காட்டி மிரட்டுவது

1976-இல் அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட அந்தப் பிரிவு அறிவியல் மனப்பான்மையைக் குடிமக்களின் கடமை என்கிறது. தண்டனை எதையும் அது சொல்லவில்லை. தாயத்தாலும் மந்திரத்தாலும் நோய் தீரும் என்று விளம்பரம் செய்பவர்மேல் நடவடிக்கை வேண்டுமென்றால், மருந்துகள் மற்றும் மந்திர மருத்துவ விளம்பரங்கள் பற்றிய 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படிக்க வேண்டும்.

ஒரு மதத்தோடு நிறுத்திக்கொள்வது

தாயத்தைக் கேள்வி கேட்டவர் சுகமளிக்கும் கூட்டத்தின் சுவரொட்டியையும் கேள்வி கேட்டாக வேண்டும். அப்படிச் சுவரொட்டியைப் படம் எடுக்கும்போது, எந்த நோய், எதனால் குணமாகும் என்று சொல்லும் வரியும், அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயரும் தெரியும்படி எடுத்துக்கொள்ளுங்கள். நோயின் பெயர் இல்லாத படத்தை இணைத்து, மேலே சொன்ன 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எழுதப்படும் புகார் நிற்காது.