சாணைக்கல்லுக்கு முன் பத்து நிமிடம்: புதுக் கைக்கருவி வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். மரத்தைச் சீவிச் சமமாக்கும் நான்காம் எண் இழைப்புளி ஒன்று வாங்கினேன். வார்ப்பிரும்பு உடல், 50 மில்லிமீட்டர் அகலத் தகடு. பெட்டியைப் பிரித்த அரை மணி நேரத்தில் தேக்குப் பலகையில் ஓட்டிப் பார்த்தால் சில இடங்களில் மரத்தைக் கடித்தது, சில இடங்களைத் தொடவே இல்லை. அடிப்பரப்பு சமமாக இல்லை என்று புரிந்தது. தடித்த கண்ணாடி மேல் 80 எண் உப்புத்தாளை ஒட்டி, ஒன்றரை மணி நேரம் தேய்த்தேன். தோள் வலித்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகுதான் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன்.

எதிர்முனையில் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “சார், அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?” என்றார். அனுப்பினேன். படத்தில் என் உப்புத்தாள் போட்ட கீறல்கள் நீளவாக்கில் பளபளத்தன. வாங்கியவர் கையால் மாற்றம் செய்த பொருளுக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று மறுநாள் பதில் வந்தது. அன்று திட்டினேன். இன்று யோசித்தால், அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். ஆலையிலிருந்து வந்தபோது கருவி எப்படி இருந்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை நானே தேய்த்து அழித்துவிட்டேனே.

தவறுகளில் முதலாவது இதுதான்: சோதிப்பதற்கு முன் திருத்துவது. கையில் கொஞ்சம் வேலை தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். தெரியாதவர் அப்படியே பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார், பணமும் வந்துவிடுகிறது.

குறை எது, மிச்ச வேலை எது

மலிவு விலைக் கருவிகளைத் தயாரிக்கும் இடத்தில் ஒவ்வொன்றையும் அளந்து பார்க்க நேரமில்லை. நூறில் சிலவற்றை எடுத்துச் சோதிப்பார்கள். அவை தேறினால் மொத்தமும் தேறியதாகக் கணக்கு. வார்ப்பிரும்பில் இன்னொரு சிக்கல் உண்டு. வார்த்த உடலுக்குள் தங்கியிருக்கும் இறுக்கத்தைப் போக்காமல் அவசரமாகக் கடைந்தால், சமமாகப் புறப்பட்ட அடிப்பரப்பு கிடங்கில் கிடக்கும் மாதங்களில் மெல்ல வளையும். ஆகவே கடைசிச் சோதனையாளர் நீங்கள்தான்; சம்பளம் மட்டும் கிடையாது.

ஆனால் எதைச் சோதிப்பது என்று தெரியாமல் சண்டைக்குப் போவது அதைவிட மோசம். புது உளி கூர்மையாக இல்லை என்று திருப்பிக் கொடுக்க வந்த ஒருவரை ஹார்டுவேர் கடையில் பார்த்திருக்கிறேன். உளி பெரும்பாலும் 25 பாகைச் சாய்வில் சாணை பிடித்த நிலையில்தான் வரும். அதன் மேல் கல்லில் தீட்டிக் கூர் வைப்பது வாங்கியவரின் வேலை. தகட்டின் மேல் பூசியிருக்கும் நிறமற்ற பூச்சும் எண்ணெய்ப் பிசுக்கும் துரு பிடிக்காமல் இருக்கத்தான். தின்னரில் துடைத்தால் போய்விடும். ஜப்பானிய உளியின் பின்பக்கம் குழிந்திருப்பதைப் பார்த்துக் குறை என்று பதறியவர்களும் உண்டு. தட்டையாக்க வேண்டிய பரப்பு குறையட்டும் என்பதற்காகவே அந்தக் குழிவை வைத்திருக்கிறார்கள்.

இந்த வகையில் எனக்குப் பிடித்தது அளவு நாடா. புது நாடாவின் நுனிக் கொக்கி லேசாக ஆடும். ஆணி தளர்ந்துவிட்டது என்று நினைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி இறுக்கிவிடுவார்கள். அதோடு நல்ல நாடா கெட்டது. கொக்கித் தகட்டின் கனம் எவ்வளவோ, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர், அவ்வளவுதான் அது ஆட வேண்டும். பலகையின் வெளிவிளிம்பில் மாட்டி இழுக்கும்போது வெளியே நகரும். அலமாரிக்குள் சுவரில் முட்டி அளக்கும்போது உள்ளே நகரும். இரண்டு அளவும் சரியாக இருப்பது அந்த ஆட்டத்தால்தான்.

உண்மையான குறைகள் வேறு. இழைப்புளியின் அடிப்பரப்பு முறுக்கிக்கொண்டிருப்பது, உளியின் பின்பக்கம் வயிறு தள்ளியிருப்பது, பிடியும் தகடும் ஒரே கோட்டில் இல்லாதது, ரம்பத்தின் தகடு நீளவாக்கில் வளைந்திருப்பது, சுத்தியலின் தலை ஆடுவது. கடைசியாகச் சொன்னதில் பேச்சுக்கே இடமில்லை. ஆடும் தலைக்குள் ஆப்பு அடித்துச் சமாளிக்காமல் அன்றே திருப்பிக் கொடுங்கள்.

மின்வேலைக்குக் குறடு வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிடியில் தடித்த உறை இருந்தால் மட்டும் அது மின்காப்பு ஆகிவிடாது. காப்புச் சோதனையில் தேறிய குறட்டில் 1000 வோல்ட் என்ற எண்ணும் இரட்டை முக்கோணக் குறியும் இருக்கும். அவை இல்லையென்றால் அந்த உறை கை வழுக்காமல் பிடிக்க மட்டும்.

ஜன்னல் வெளிச்சத்தில்

சோதிக்கப் பெரிய கருவிகள் வேண்டாம். நல்ல எஃகு அளவுகோல் ஒன்று, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டான ஃபீலர் கேஜ் ஒன்று. ஃபீலர் கேஜ் இரு சக்கர வாகன உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். வால்வு இடைவெளி பார்க்க மெக்கானிக்குகள் வைத்திருப்பார்களே, அதேதான். அது கிடைக்கும்வரை சாதாரண அச்சுத்தாளை வைத்துச் சமாளிக்கலாம். 80 ஜிஎஸ்எம் தாளின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர்.

இழைப்புளியின் தகட்டைக் கழற்றாமல், உள்ளே இழுத்து இறுக்கிய நிலையிலேயே பார்க்க வேண்டும். இறுக்கும்போது உடல் மயிரிழை வளையும். வேலை செய்யும்போது இருக்கும் வடிவம் அதுதான். ஜன்னலுக்கு எதிரே கருவியைக் கவிழ்த்துப் பிடித்து, அளவுகோலை அதன் விளிம்பில் நிறுத்தி நீளவாக்கில் வையுங்கள். முன் நுனி, வாய்க்கு (தகடு வெளியே வரும் பிளவுக்கு) ஒட்டிய முன்பகுதி, பின் நுனி ஆகிய மூன்றும் அளவுகோலைத் தொட்டாக வேண்டும். நடுவே வேறெங்கேனும் வெளிச்சம் கசிந்தால் கவலை இல்லை. என் இரண்டாவது இழைப்புளியில் வாய்க்கு முன்னால் வெளிச்சம் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, ஃபீலர் கேஜின் 0.15 மில்லிமீட்டர் தகடு தடையில்லாமல் நுழைந்தது. சீவி வரும் மெல்லிய மரச்சுருளின் கனமே அதில் பாதிகூட இராது. வாய்க்கு முன்னால் மரத்தை அழுத்திப் பிடிக்க ஆளில்லாதபோது சுருள் எப்படி ஒழுங்காக வரும்?

அளவுகோலை இரண்டு மூலைவிட்டங்களிலும் வைத்துப் பார்க்க மறக்காதீர்கள். ஒன்றில் நடு உயர்ந்தும் மற்றதில் நடு தாழ்ந்தும் தெரிந்தால் பரப்பு முறுக்கியிருக்கிறது. அதை வீட்டில் தேய்த்துத் தீர்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். மாறாக, வெட்டும் தகடும் அதன் மேல் பொருத்தியிருக்கும் மேல் தகடும் சேரும் இடத்தில் இடைவெளி இருந்து சுருள் சிக்கிக்கொண்டால், அது பத்து நிமிடக் கல்வேலை. அதற்காகக் கருவியைத் திருப்பி அனுப்புவது வீண்.

செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை இன்னொரு புது மூலைமட்டத்தோடு ஒப்பிடுவது பலர் செய்வது. இரண்டும் ஒன்றுபோல இருந்தால் இரண்டும் சரி என்று எப்படிச் சொல்வது? ஒரே அச்சில் ஒரே தவறோடு பிறந்திருக்கலாம். நேரான விளிம்புள்ள பலகையில் மட்டத்தை வைத்துக் கூரான பென்சிலால் கோடு இழுங்கள். மட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. 150 மில்லிமீட்டர் தள்ளி இரு கோடுகளுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் விலகல் இருந்தால், மட்டத்தின் உண்மையான பிழை அதில் பாதி, அரை மில்லிமீட்டர். அலமாரிக் கதவு செய்பவருக்கு அந்த அரையே அதிகம். ரசமட்டத்துக்கும் இதே தந்திரம்தான்: ஒரு முறை பார்த்து, அதே இடத்தில் முனை மாற்றி வைத்துப் பாருங்கள். குமிழி இரண்டு முறையும் அறையின் ஒரே பக்கச் சுவரை நோக்கி ஒரே அளவு நகர்ந்திருந்தால் சாய்வு தரையில். பக்கம் மாறினால் பிழை மட்டத்தில்.

எஃகைப் பற்றி மட்டும் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுத வேண்டாம். ஆலையில் வேகமாகச் சாணை பிடிக்கும்போது நுனி சூடேறி, முதல் ஓரிரு மில்லிமீட்டரில் தோய்ச்சல், அதாவது எஃகுக்கு ஏற்றிய கடினம், இறங்கியிருக்கக்கூடும். நல்ல உளி, கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் சி அளவில் 58 முதல் 62 வரை இருக்கும். ஆனால் முதல் கூர் எளிதில் மடங்கிவிடும். இரண்டு மூன்று முறை தீட்டிய பிறகும் மடங்கினால்தான் குற்றம் எஃகினுடையது. இங்கே மட்டும் கல்லைத் தொடாமல் கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் தீட்டுவதற்கு முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

புகார் என்பது கோபம் அல்ல

“பொருள் சரியில்லை, ஏமாற்றுகிறீர்கள்” என்ற செய்தியை வைத்து அந்தப் பக்கம் இருப்பவர் எதுவும் செய்ய முடியாது. அவர் தச்சர் இல்லை. முன்னால் இருக்கும் திரையில் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டியவர். “வாய்க்கு முன்னால் 0.15 மில்லிமீட்டர் பள்ளம், படம் இணைப்பில், கருவி பயன்படுத்தப்படவில்லை, மாற்றிக் கொடுங்கள் அல்லது பணத்தைத் திருப்புங்கள்” என்று எழுதினால் அது மேலதிகாரியிடம் போகும்போதும் அப்படியே போகும். என்ன வேண்டும் என்று கேட்காமல் விடுவதுதான் புகார்களில் நான் பார்க்கும் பெரிய ஓட்டை. தொலைபேசியில் பேசினாலும், பேசி முடித்ததும் சாரத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

பில் இல்லாமல் கொஞ்சம் விலை குறைத்து வாங்குவது பிறகு கழுத்தைப் பிடிக்கும். பில் தர மறுப்பதே 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று அச்சடித்த பில்லைப் பார்த்துப் பின்வாங்குவதும் தேவையில்லை. குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதையும் அதே சட்டம் அதே பட்டியலில் வைத்திருக்கிறது. அந்தச் சின்ன ரசீதை வாங்கிய அன்றே படம் எடுங்கள். வெப்பத்தாளில் அச்சான எழுத்து சில மாதங்களில் வெளுத்துவிடும்.

இணையத்தில் வாங்கியிருந்தால், குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன 2020 ஆம் ஆண்டு மின்வணிக விதிகள். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, கால வரம்பு இரண்டு ஆண்டுகள். தொழிலுக்கு வாங்கியதால் நமக்குச் சட்டம் பொருந்தாது என்று தச்சர்கள் ஒதுங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பது உண்மை. ஆனால் தன் கையால் உழைத்துப் பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவர் நுகர்வோரே என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

ஒரு எண்ணூறு ரூபாய் உளிக்கு ஆணையம்வரை போகச் சொல்லவில்லை. நானும் போனதில்லை. பெரும்பாலும் அளவு போட்ட ஒரு மின்னஞ்சலிலேயே காரியம் முடிந்துவிடுகிறது. மாற்றி வந்த கருவியிலும் அதே குறை இருந்தால் மூன்றாவதைக் கேட்க வேண்டாம், பணத்தைக் கேளுங்கள். அந்தத் தொகுப்பு முழுவதுமே அப்படி இருக்க வாய்ப்பு அதிகம். “வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் பணம் திருப்பித் தருகிறோம்” என்பார்கள். பிடியில் வார்னிஷ் உரிந்ததற்கு அதை ஏற்கலாம். முறுக்கிய அடிப்பரப்புக்கு ஏற்றால் பாதி விலையில் ஒரு இரும்புத் துண்டு வாங்கியதாகக் கணக்கு.

திருப்பி அனுப்பும்போது பெட்டி விஷயத்தில் கவனம். அடிபட்டால் வார்ப்பிரும்பு வளையாது, உடையும். இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தாலே இழைப்புளியின் பக்கச்சுவரில் விரிசல் விடலாம். தகட்டைக் கழற்றித் தனியாக அட்டையில் சுற்றுங்கள், உடலைத் துணியில் சுற்றுங்கள், பெட்டியை ஆட்டினால் சத்தம் வராத அளவுக்குச் செய்தித்தாளைத் திணியுங்கள். மூடுவதற்கு முன் ஒரு படம், ஒட்டிய பிறகு ஒரு படம். என் இரண்டாவது இழைப்புளியை அப்படித்தான் அனுப்பினேன். உடைந்து வந்திருக்கிறது என்று நான்கு நாள் கழித்து அழைத்தார்கள். இரண்டு படங்களையும் அனுப்பினேன். மாலைக்குள் பணம் வந்துவிட்டது.