‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிப் பழகிய வீடுகளில் நடக்கும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டமொன்றில் என் தாத்தா பால்மரம் வெட்டினார், அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தார். விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், மண்டோர் என்ற மேற்பார்வையாளர் எத்தனை பேர் முன்னால் ஏசினாலும் அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழாதாம். எதிர்த்துப் பேசினால் வேலை போகும். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். அந்தக் கல்முகம்தான் அன்று குடும்பத்தைக் காத்தது. அதையே மன உறுதி என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தோமே, அதுதான் எங்கள் முதல் தவறு.

முகத்தை மறைத்தால் மனம் ஆறிவிடாது. 1990களில் அமெரிக்க உளவியலாளர்கள் ஜேம்ஸ் கிராஸும் ராபர்ட் லெவன்சனும் சிலருக்குச் சோகக் காட்சிகளைத் திரையிட்டு, உணர்ச்சியை வெளியே காட்டாமல் பார்க்கச் சொன்னார்கள். முகம் அடங்கியது, சோகம் குறையவில்லை, இதயமும் இரத்த நாளங்களும் கூடுதலாகப் பாடுபட்டன. வேடிக்கைக் காட்சியில் சிரிப்பை அடக்கியவர்களுக்கோ அந்த மகிழ்ச்சியே குறைந்துபோனது. துயரத்தைப் பூட்டினால் துயரம் போவதில்லை, சிரிப்பைப் பூட்டினால் சந்தோஷம் போய்விடுகிறது என்பது எனக்கு மிகவும் வலித்தது.

பக்கத்தில் இருப்பவரையும் இது விடுவதில்லை. உளவியலாளர் எமிலி பட்லர் குழுவினரின் 2003ஆம் ஆண்டு ஆய்வில், பேசிக்கொண்டிருந்த இரு பெண்களில் ஒருவர் உணர்ச்சியை மறைத்தபோது எதிரில் இருந்தவரின் இரத்த அழுத்தமும் ஏறியது. வேலை முடிந்து வரும் அப்பா “ஒன்றுமில்லைம்மா” என்று சொன்ன பிறகும் மகளுக்குச் சோறு இறங்காததன் காரணம் இப்போது புரிகிறதா?

அதற்காகக் கத்தித் தீர்ப்பதும், கதவை அறைவதும் மருந்தாகாது. கோபமூட்டியவரை நினைத்தபடியே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியதாகவே உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் கண்டார்.

நடந்ததை வேறு கோணத்தில் பார்ப்பது பெரும்பாலும் உதவும், கோபம் முற்றுவதற்கு முன் செய்தால். மண்டோர் சிடுசிடுத்தாரா? மழையால் பால்வெட்டு தடைப்பட்ட நெருக்கடி அவருக்கு இருக்கலாம். ஆனால் சம்பளத்தைப் பிடித்து வைத்திருக்கும் முதலாளியை இப்படிப் புரிந்துகொள்ளச் சொல்வது கொடுமை. அங்கே கோபம் நியாயமானது. அதை நிதானமாக, ஆனால் தெளிவாகப் பேசியாக வேண்டும்.

எல்லாவற்றையும் ‘மனசு சரியில்லை’ என்ற ஒரே பையில் போட்டுக் கட்டுவதும் தவறுதான். அவமானமா, பயமா, ஏமாற்றமா என்று பெயர் சொல்லிப் பாருங்கள்.

தாத்தா இறந்த அன்று யாரோ என் தம்பியை “ஆண்பிள்ளை அழலாமா?” என்று அதட்டினார்கள். அம்மா அவனை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, “தாத்தா நினைப்பாக இருக்கிறதா, ஐயா?” என்று கேட்டார். அவன் தலையாட்டினான். பிறகுதான் மனம்விட்டு அழுதான்.