பிராங்கன்ஸ்டைன் நாவலை வகுப்பில் நடத்தும் முறை

1. எல்லார் கையிலும் ஒரே பதிப்பு இருக்கட்டும். மேரி ஷெல்லியின் நாவல் 1818-இல் மூன்று பாகங்களாக வந்தது. 1831-இல் அவரே திருத்தி வெளியிட்டார். திருத்திய பதிப்பில் 24 அத்தியாயங்களுக்கும் தொடர் எண். பழையதில் ஒவ்வொரு பாகத்திலும் எண் புதிதாகத் தொடங்கும். இரண்டும் கலந்தால், ஐந்தாம் அத்தியாயம் என்றதும் ஆளுக்கொரு பக்கம் புரட்டுவார்கள். இங்குள்ள எண்கள் 1831 பதிப்புக்கு உரியவை.

2. முதல் வகுப்பில் முன்னுரை வேண்டாம். விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்ற இளைஞன் ஆய்வறையில் செய்த உயிர் கண் திறக்கும் காட்சி எப்படி இருக்கும் என்று ஐந்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். பலரும் மின்னலையும் இடியையும் எழுதுவார்கள். சினிமா செய்த வேலை அது. பிறகு ஐந்தாம் அத்தியாயத்தின் தொடக்கத்தைப் படியுங்கள். ஜன்னலில் மழை, தீரப்போகும் மெழுகுவர்த்தி, மங்கிய மஞ்சள் கண். அவ்வளவுதான். ஏறக்குறைய இரண்டு ஆண்டு உழைத்த விக்டர் அறையை விட்டு ஓடுகிறான். அங்கே வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடச் சொன்னால் போதும்.

3. அடுத்து, நாவலின் தொடக்கத்தில் வரும் வால்டனின் கடிதங்கள். வடதுருவம் நோக்கிக் கப்பலில் போகும் இவனிடம்தான் விக்டர் தன் கதையைச் சொல்கிறான். கரும்பலகையில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கட்டங்கள்: வால்டன், உள்ளே விக்டர், அதற்கும் உள்ளே அந்த உயிரின் கதை (அத்தியாயம் 11 முதல் 16 வரை). இதை விட்டால் "நான்" என்பது யார் என்று குழம்புவார்கள்.

4. விவாதத்தை 16-ஆம் அத்தியாயத்துக்கு முன் தொடங்காதீர்கள். "அறிவியல் ஆபத்தா?" என்று கேட்டால் அணுகுண்டைப் பற்றிப் பேச்சுப்போட்டிதான் நடக்கும். தவறு எந்த இடத்தில் என்று கேளுங்கள்: ரகசியமாக உழைத்ததா (4), விட்டு ஓடியதா (5), அந்த உயிர் செய்த கொலைக்காகக் குற்றமற்ற பணிப்பெண் ஜஸ்டின் தூக்குக்குப் போகும்போது உண்மையை மறைத்ததா (8)? பதிலுக்கு வரி காட்ட வேண்டும்.

"விளைவை யோசிக்காததே தவறு" என்பவர்களை 20-ஆம் அத்தியாயத்துக்கு அழைத்துப் போங்கள். ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவில், முதல் உயிர் துணையாகக் கேட்ட இரண்டாவது உயிரைப் பாதி செய்த நிலையில் விக்டர் வருங்காலத்தை யோசிக்கிறான், பயந்து அதைக் கிழித்தெறிகிறான். முதல் உயிர் அதை ஜன்னலில் நின்று பார்க்கிறது. யோசித்த பிறகுதான் நண்பன் கிளெர்வலும் மனைவி எலிசபெத்தும் அந்த உயிரின் கையால் சாகிறார்கள். அவசரப்படாதீர்கள், இதற்கு ஒரு முழு வகுப்பு வேண்டும்.

5. எழுத்துப் பயிற்சிக்கு 24-ஆம் அத்தியாயத்தில் விக்டரின் கடைசிப் பேச்சு. வால்டனிடம் பேராசையை விட்டுவிடு என்கிறான். உடனே, நான் தோற்றதில் வேறொருவன் ஜெயிக்கலாமே என்கிறான். அவன் மனம் மாறினானா? ஒரு பக்கம் போதும்.